தலைமேசையில் நாற்பத்தேழு பேர்

என் தந்தை மசெதோனியோ தபோர்கா ஓடிப்போகவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒதுக்கியவர்கள் சுக்ரே நகரத்துத் தெற்கு மாகாண வரலாற்று அகாதமியார். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் மாகாண வரலாற்று நூல் அவர்களுடையது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தி அச்சிடுவார்கள். திருத்தம் வேண்டுகிறவர் அதற்கு முந்தைய மாநாட்டில் கட்டுரை வாசிக்க வேண்டும். சபை அதைக் கேட்டால்தான் தீர்மானத்துக்குப் போகும். விதி பதினான்கு. நான் முப்பத்தெட்டு வருடம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவன். விதிகளைக் குறை சொல்வது என் வழக்கமில்லை.

நூலின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "1951ஆம் ஆண்டு சான் எலாடியோ சுரங்க அணை உடைந்தபோது, தந்தியாளர் தபோர்கா பணியிடத்தைக் கைவிட்டு ஓடியதால், எச்சரிக்கை கிடைக்காமல் யுராக்மாயு ஊரில் முப்பத்தொரு பேர் மாண்டனர்." இதைப் பள்ளிக்கூடத்தில் நானே எழுந்து நின்று உரக்க வாசித்திருக்கிறேன். அன்றைக்கு வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வாத்தியார் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், உச்சரிப்பு சரியில்லை என்று.

அப்பா ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசவில்லை. 1979இல் பேசாமலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் நீதிமன்றக் கிடங்கில், யுராக்மாயு துணை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மூட்டையில், அந்தத் தந்தியை நான் கண்டெடுத்தேன். காலை ஆறு பத்துக்கு அடித்தது. "அணை உடைந்தது. மேட்டுக்குப் போங்கள்." அதன் மேல் நீலப் பென்சிலில் துணை ஆட்சியரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "பெறுநரின் பட்டங்கள் விடுபட்டுள்ளன. திருப்புக."

கூடவே இரண்டாவது தந்தியும் இருந்தது. ஆறு ஐம்பதுக்கு அடித்தது. அதில் எல்லாப் பட்டங்களும் முறையாக இருந்தன. ஏழு மணிக்கு வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது. அதன் பிறகுதான் அப்பா நிலையத்தை விட்டுக் கிளம்பினார், ஆற்றோரமாகவே நடந்து போய்ச் சடலம் தோண்ட.

எனக்கு எழுபத்து நான்கு வயது. இந்தப் பதிப்பை விட்டால் அடுத்ததற்கு இன்னும் பத்து வருடம். கணக்கு எனக்கும் தெரியும்.

பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதி, கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வைத்திருந்தபோது பெருந்தொற்று வந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அகாதமியிலிருந்து சுற்றறிக்கை வந்தது: நாற்பதாவது மாநாடு திரை வழியாக நடைபெறும், கண்ணியத்தில் எள்ளளவும் குறையாமல். கலந்துகொள்வோர் தாம் அமரப்போகும் நாற்காலியின் புகைப்படம் இரண்டு பிரதிகள், அடையாள அட்டை நகல், மஞ்சள் கோப்புறை ஒன்று ஆகியவற்றை அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும்.

சபைமுறை அதிகாரி கஸ்தோ லிசராசுவிடம் தொலைபேசியில் பேசினேன்.

"ஐயா, நான் வெளியே வர முடியாதே. வயசு எழுபத்து நாலு."

"தெரியுதுங்க தொன் எலியோதோரோ. அதுக்குத்தானே மாநாட்டையே திரையில வச்சிருக்கோம்."

"அப்ப கோப்புறையை எப்படிக் கொடுக்கறது?"

"நேர்ல வந்து கொடுக்க முடியலன்னா, முடியலன்னு ஒரு மனு எழுதிக் கொடுத்தாப் போதும்."

"மனுவை எங்க கொடுக்கணும்?"

"இங்கதான். நேர்ல."

என் தங்கை ஓர்த்தென்சியா கணவனை இழந்தவள், என்னோடு இருப்பவள், அறுபத்தேழு வயது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, அவன்கிட்ட கேளு, நாற்காலியை மட்டும் அனுப்பி வச்சாப் போதுமான்னு. அதுக்கு இன்னும் அறுபத்தஞ்சு ஆகல."

கடைசியில் பால்காரி, தன் அடையாள எண்காரர்கள் வெளியே போக அனுமதியிருந்த நாளில், கோப்புறையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நாற்காலி ஏற்கப்பட்டது. கை வைத்த நாற்காலிகள் முன்னாள் தலைவர்களுக்கு மட்டும் என்பதால், என் நாற்காலியின் கைகள் திரையில் தெரியாமல் உட்காரும்படி குறிப்பு எழுதியிருந்தார்கள். அப்படியே செய்தேன்.

திரை விஷயம் எனக்குத் தெரியாது. ஓர்த்தென்சியா நான்கு மாதமாகத் திரையில் ஜெபமாலை சொல்லிப் பழகியவள். தன் மகள் கொச்சபம்பாவிலிருந்து அனுப்பிய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கீழே ஆறு சட்டப் புத்தகங்களை அடுக்கி, என் முகம் தெரியும்படி செய்தாள்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு மாநாடு தேசிய கீதத்தோடு தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றோம். அகாதமி முழுவதும் இடுப்புப் பட்டைகளாகத் தெரிந்தது. ஒருவர் மேலே கோட்டும் கீழே உறங்கும் உடையும் அணிந்திருந்தார். அது யாரென்று இன்று வரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவு பண்பு. இணைப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகம். கீதம் சுக்ரேயில் முடிந்த பிறகும் தாரிஹாவில் இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் முடிக்கும்வரை உட்காரக் கூடாது என்றார் லிசராசு. பதினொரு நிமிடம் நின்றோம்.

பிறகு தலைவர் டாக்டர் வென்செஸ்லாவோ இப்போரே தொடக்கவுரை ஆற்றினார்.

"பெரியோர்களே, இந்த நோய் நம்ம உடம்பை வீட்டுக்குள்ள அடைச்சிருக்கலாம். மரியாதையை அடைக்க முடியுமா? முடியாது! எழுபது வருஷமா இந்த அகாதமி எத்தனையோ உண்மைகளை ஒத்திவச்சிருக்கு. ஒரு தடவைகூட ஒரு பட்டத்தை ஒத்திவச்சதில்ல. நாம கண்டுபிடிச்சதை நாளைக்கு யாராவது மறுக்கலாம். நாம உட்கார்ந்த வரிசையை மறுக்க எவனாலும் ஆகாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். மைக் அணைக்கப்பட்டிருந்ததால் மீன் தொட்டிபோல் இருந்தது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் எந்தச் சபையிலும் தலைமேசை உண்டு. தலைவர் நடுவில், மற்றவர்கள் தகுதிப்படி இருபுறமும். பேச எழுந்தவன் முதலில் தலைமேசையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, பட்டத்தோடும் பதவியோடும் விளித்து வணங்க வேண்டும். ஐந்து பேர், மிஞ்சினால் ஏழு பேர் இருப்பார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஒரு பொது வணக்கம். திரையில் மேலும் இல்லை, கீழும் இல்லை. நாற்பத்து மூன்று பேரும் சம அளவுக் கட்டங்களில் இருந்தோம். போதாக்குறைக்கு யாராவது உள்ளே வந்தால் கட்டங்கள் இடம் மாறின. டாக்டர் இப்போரே ஒரு கணம் மூலையில், ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கீழே போய் நின்றார். லிசராசுவுக்கு வியர்த்தது.

"சபை ஒத்திவைக்கப்படுது! தலைவர் நடுவுக்கு வர்ற வரைக்கும் யாரும் அசையாதீங்க!"

"என் திரையில தலைவர் நடுவுலதான் இருக்கார்."

"என் திரையில நான்தான் நடுவுல இருக்கேன், மன்னிக்கணும்."

"நீங்க உடனே விலகுங்க ஐயா!"

"எப்படிங்க விலகறது? நாற்காலியை நகர்த்திப் பாத்துட்டேன்."

முதல் நாள் முழுவதும் இதில் போனது. மாலையில் விதிக்குழு கூடி முடிவு சொன்னது: திரையில் தெரிகிற அனைவரும் தலைமேசையில் அமர்ந்தவர்களாகவே கருதப்படுவர். எனவே ஒவ்வொரு பேச்சாளரும், தம்மையும் சேர்த்து, நாற்பத்து மூன்று பேரையும் வரிசை தவறாமல் விளிக்க வேண்டும். இணைப்பு அறுந்து திரும்பி வருபவர் புதிதாக வந்தவராவார். அவரை மீண்டும் விளிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முதல் பேச்சாளர் நாற்பத்து மூன்று பேரை வணங்கி முடிக்கப் பத்தரை நிமிடம் ஆனது. மீதி நேரத்தில் கட்டுரையின் தலைப்பை வாசித்தார். அதுவும் நீளமான தலைப்பு. அடுத்தவர் வணங்கிக்கொண்டிருக்கும்போது தாரிஹா பொறியாளர் தெல்ஃபினா குவேயாருக்கு நான்கு முறை இணைப்பு அறுந்தது. நான்கு முறையும் வணங்கினார். பன்னிரண்டு நிமிடம் முடிந்தும் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. மைக்கை அணைக்கலாமா என்று கேள்வி எழுந்தது.

"வணக்கத்தை நடுவுல வெட்ட முடியாது," என்றார் லிசராசு. "வெட்டினா, பாக்கி ஒன்பது பேரை அவமதிச்ச மாதிரி. வணக்கம் முழுசா நடக்கணும், முழுசா பதிவேட்டுல ஏறணும், ஒரு எழுத்து குறையக் கூடாது. அடுத்து பேசறவரும் அதே வாசகத்தைத்தான் சொல்லணும்."

அவர் முழுதும் வணங்கினார். "இனி என் கட்டுரை..." என்றதும் மைக் அணைந்தது.

பத்தரை மணிக்கு இடைவேளை. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிளில் ஆளுக்கொரு சால்தேன்யா வந்திருந்தது. தலைவர் கடித்த பிறகுதான் மற்றவர்கள் கடிக்க வேண்டும். சூடான சாறு நிறைந்த பலகாரம் அது, ஆறினால் வீண். தலைவருக்கு அதைக் கொண்டுவந்த வண்டி வழியில் நின்றுவிட்டதாம். நாற்பத்திரண்டு பேர் கையில் சால்தேன்யாவை ஏந்தியபடி நாற்பது நிமிடம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று பிற்பகல் ஒரு பேராசிரியருக்குப் பின்னால் ஒரு மூதாட்டி துணிக்கூடையோடு கடந்து போனார். லிசராசு நிறுத்தினார்.

"பேராசிரியரே, உங்க பின்னாடி யாரு?"

"எங்கம்மாங்க. துணி காயப்போடப் போறாங்க."

"திரையில முகம் தெரிஞ்சிருச்சே. தலைமேசையில ஆள் கூடியாச்சு. அம்மாவோட பட்டம் என்ன?"

"பட்டமா? ஒண்ணுமில்லைங்க, வீட்ல இருக்காங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. பட்டம் இல்லாம எப்படிப் பதிவு பண்றது?"

உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "இந்த வீட்ல சோறு போடறவன்னு எழுதிக்கச் சொல்லுடா!"

அப்படியே எழுதினார்கள். அதற்குப் பிறகு பேசிய ஒவ்வொருவரும், மூன்று முனைவர்களுக்கும் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் அடுத்தபடியாக, "இந்த வீட்டில் சோறு போடும் மாண்புமிகு திருமதி பெத்ரோனா" என்று விளித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

என் முறை மூன்றாம் நாள் கடைசி. முந்தின நாள் மாலை பதினெட்டுப் பக்கத்தைப் பதினொன்றாக்கினேன். பிறகு நான்காக்கினேன். வணக்கத்தை வேகமாகச் சொல்லிப் பழகினேன். ஓர்த்தென்சியா சமையலறைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தாள்.

"ஒன்பது நிமிஷம் நாப்பது, அண்ணே."

"மீதி எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு. அதுவும் தெல்ஃபினாவுக்குக் கரண்டு போகாம இருந்தா."

கட்டுரையை ஒரு பக்கமாக்கினேன். அணை உடைந்தது போனது. அப்பா சடலம் தோண்டியது போனது. தந்தி எண்ணும் நேரமும் மட்டும் மிஞ்சின. அதை வாசித்துப் பார்த்தேன். எவனோ ஒருவன் தபாலாபீஸ் ரசீதைப் படிப்பதுபோல் இருந்தது.

"வணக்கத்தை விட்டுத் தொலையேன்," என்றாள் அவள். "நேரா எழுந்து, எங்கப்பன் ஓடலடா, இந்தா அத்தாட்சின்னு சொல்லிட்டுப் போ."

"வணங்காமல் பேச்சைத் தொடங்குகிறவன் தபோர்கா குடும்பத்தில் பிறக்கவில்லை. அப்படிச் சொன்னது பதிவேட்டிலும் ஏறாது."

"அப்பாவும் மொதத் தந்தியில வணக்கம் போடல."

 அவள் கடிகாரத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை இரண்டு முன்னாள் தலைவர்கள் கை வைத்த நாற்காலிகளோடு திரையில் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குப் பதினாறு பட்டங்கள், மற்றவருக்குப் பத்தொன்பது. நாற்பத்தாறு பேர். என் இரண்டு நிமிடம் இருபது வினாடி அங்கே முடிந்தது.

பிற்பகல் முழுக்க ஒருவர் பின் ஒருவராக வணங்கி ஊமையானார்கள். யாருடைய கட்டுரையும் ஒரு வரி கேட்கவில்லை. என்னென்ன உண்மைகளை வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்களோ, தெரியாது. ஒருவர் மைக் அணைந்த பின்னும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் அப்படித்தான் இருப்பேன் என்று தெரிந்தது. எழுந்து கூடத்துக்குப் போய்ச் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றினேன்.

எங்கள் குடும்பத்தில் அழைக்காத மேசையில் யாரும் உட்கார்ந்ததில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அப்பா சீருடையில், தந்திக் கருவிமேல் கை வைத்தபடி இருந்தார். ஓர்த்தென்சியா இன்னொரு நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் போட்டாள். கை இல்லாத நாற்காலி. அதில் அப்பாவை வைத்தேன்.

"தொன் எலியோதோரோ, உங்க முறை. ஆனா..." லிசராசு திரைக்கு நெருங்கி வந்தார். "உங்க பக்கத்துல ஒரு ஐயா உட்கார்ந்திருக்காரே? பட்டியல்ல இல்லையே."

"எங்கப்பா."

"ஓ. தலைமேசையில ஆள் கூடியாச்சு. நாப்பத்தேழு. ஐயாவோட பட்டம், பதவி?"

"வணக்கத்திலேயே சொல்றேன் ஐயா. அப்படியே எழுதிக்குங்க."

வணங்கினேன். ஒருவரையும் விடவில்லை, ஒரு பட்டத்தையும் சுருக்கவில்லை. திருமதி பெத்ரோனாவைக் குரல் தாழ்த்தாமல் விளித்தேன். தெல்ஃபினாவை மூன்று முறை. பன்னிரண்டு நிமிடம் கடந்துவிட்டது. நாற்பத்தாறு முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"மேலும், இம்மேசையில் என் வலப்பக்கம் வீற்றிருப்பவரும், சான் எலாடியோ சுரங்கத்தின் முதல்நிலைத் தந்தியாளரும், 1951ஆம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் நாள் காலை ஆறு பத்துக்கு அணை உடைந்தது, மேட்டுக்குப் போங்கள் என்று யுராக்மாயு துணை ஆட்சியருக்குத் தந்தி அடித்தவரும், பெறுநரின் பட்டங்கள் விடுபட்டன என்ற காரணத்தால் அத்தந்தி திருப்பப்படக் கண்டவரும், ஆறு ஐம்பதுக்கு எல்லாப் பட்டங்களையும் சேர்த்து மீண்டும் அடித்தவரும், நீதிமன்றக் கிடங்கின் நாற்பத்தோராம் மூட்டையிலுள்ள இரு தந்திகளால் இவை மெய்ப்பிக்கப்பெற்றவரும், வெள்ளம் வடியும் முன்பே நடந்து போய் முப்பத்தொரு சடலங்களில் பத்தொன்பதைத் தம் கையால் தோண்டி எடுத்தவரும், பணியிடத்தைக் கைவிட்டு ஓடாதவருமான மாண்புமிகு தொன் மசெதோனியோ தபோர்கா அவர்களே, வணக்கம்."

லிசராசுவின் விசைப்பலகை சத்தம் மட்டும் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். "...ஓடாதவருமான... சரிங்க. இனி கட்டுரை," என்றார். மைக் அணைந்தது.

எனக்குப் பிறகு நன்றியுரை ஆற்ற ஒரு பேராசிரியர். அவர் நாற்பத்தேழு பேரையும் விளித்தார். பட்டியலில் இருந்தபடி அப்பாவையும் விளித்தார், ஓடாதவரே என்று. ஓர்த்தென்சியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியாக டாக்டர் இப்போரே நிறைவுரைக்கு வந்தார். இளம் வயதில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை எழுதிய அதே டாக்டர் இப்போரே. லிசராசு அனுப்பியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்: பட்டங்கள், பதவிகள், சோறு போடும் திருமதி பெத்ரோனா, தந்தி, நேரம், மூட்டை எண், சடலங்கள், பணியிடத்தைக் கைவிட்டு ஓடாதவருமான மாண்புமிகு தொன் மசெதோனியோ தபோர்கா அவர்களே.

"அண்ணே!" என்றாள் ஓர்த்தென்சியா. "அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடுத்த வரியை அதே குரலில் வாசித்தார்.

"இந்த மாநாட்டுல எந்தக் கட்டுரையும் சபையால கேட்கப்படல. அதனால திருத்தம் எதுவும் வரல. நம்ம வரலாறு எவ்வளவு பழுதில்லாம இருக்குன்னு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? நூல் அப்படியே அச்சுக்குப் போகுது. வாழ்த்துகள்!"

மைக் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் மீன்களாகக் கைதட்டினார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் திரையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

மார்ச் மாதம் அகாதமியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கட்டுரை வாசிக்காததால் எனக்குச் சான்றிதழ் இல்லை. தலைமேசையில் அமர்ந்து சிறப்பித்ததற்காக அப்பாவுக்கு ஒன்று இருந்தது, மூன்று முத்திரைகளோடு. கூடவே புதிய பதிப்பு.

முதல் தாளிலேயே மாநாட்டைச் சிறப்பித்த நாற்பத்தேழு பெரியோர் பட்டியல். அப்பாவின் பெயர் பொடி எழுத்தில் பதினொரு வரி ஓடியது, ஓடாதவரும் என்பது வரைக்கும், ஒரு பிழையில்லாமல். ஓர்த்தென்சியா அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"பிள்ளைங்க இதைப் படிப்பாங்களா அண்ணே?"

பெரியோர் பட்டியலை எந்தப் பிள்ளை படிக்கும்? நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். வாக்கியம் இருந்த இடத்தில் இருந்தது. அத்தியாயத்தின் முடிவில், இந்தப் பதிப்புக்கென்று புதிதாகப் பயிற்சி வினாக்கள் சேர்த்திருந்தார்கள்.

நான்காவது வினா: பணியிடத்தைக் கைவிட்டு ஓடிய தந்தியாளரின் பெயர் என்ன? முழுப் பெயரையும் எழுதுக. ஒரு மதிப்பெண்.